ஜீப்பில் "கடகட" சத்தம்! மலை அடிவாரத்தில் பிடிபட்ட "திருடன்"

"கடகட... கடகட..."

இந்தச் சத்தம் என் சித்தப்பாவை 3 வாரம் தூங்க விடவில்லை.

சித்தப்பா இருப்பது கள்ளக்குறிச்சியில். அவரிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. அதற்கு வயது 20-க்கு மேல். கல்வராயன் மலைக்குச் சாமான் ஏற்றிப் போவதும், மலையில் இருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருவதும் அந்த ஜீப்புக்கு வேலை.

ஒரு நாள் திடீர் என்று சத்தம் தொடங்கியது. எங்கே இருந்து வருகிறது? யாருக்கும் தெரியவில்லை!

சித்தப்பா ஒரு பட்டறைக்குப் போனார். "சைலன்சர்தான் ஆடுகிறது" என்று அங்கே சொன்னார்கள். புதிய பட்டி போட்டு முறுக்கினார்கள். பணம் போயிற்று. சத்தம் போகவில்லை.

சித்தி, கிழிந்த சேலையைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணித்தார். தம்பி ரேடியோவைச் சத்தமாக வைத்தான். சத்தம் காதில் விழவில்லை. ஆனால், ஜீப்பில் அது இருந்துகொண்டுதான் இருந்தது.

வெள்ளிமலைப் பயணம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலையில் ஒரு நிச்சயதார்த்தம். குழந்தைகளோடு சேர்த்து நாங்கள் 9 பேர். எல்லோரும் ஜீப்பில் புறப்பட்டோம்.

வழியில் கச்சிராயப்பாளையம். அதைத் தாண்டினால் கோமுகி அணை. பிறகு மலைப்பாதை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம்!

"மேலே ஏறுவதற்கு முன் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்றார், சித்தி.

மேஸ்திரி வயதான மெக்கானிக். அந்தப் பக்கத்தில் ஓடும் பழைய வண்டிகள் எல்லாம் அவருக்குப் பழக்கம்.

"மேஸ்திரி, எங்கேயோ கடகட என்று கேட்கிறது" என்றார், சித்தப்பா.

மேஸ்திரி ஸ்பானரைத் தொடவே இல்லை. "எங்கே கேட்கிறது என்பதை அப்புறம் பார்ப்போம். எப்போது கேட்கிறது? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

நாலு கேள்விகள்

"வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓட விட்டால் கேட்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் எஞ்சின் பக்கம் இல்லை. சைலன்சராகவும் இருக்காது. நல்ல தார் ரோட்டில் கேட்கிறதா?"

"இல்லை. குண்டும் குழியுமான இடத்தில்தான் கேட்கிறது."

"வளைவில் திரும்பும்போது?"

"அதனால் வித்தியாசம் இல்லை."

"பிரேக் போட்டால்?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "அழுத்திப் பிரேக் போட்டால் 'டக்' என்று ஒரு தடவை கேட்கும்."

மேஸ்திரியின் முகம் மாறியது. "எல்லோரும் இறங்குங்கள்" என்றார்.

முதல் திருடன்

முதலில், ஆடக்கூடிய சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தார். ஜாக்கி, அதன் கம்பி, ஸ்பானர்கள், ஸ்டெப்னி, 2 காலி சோடா பாட்டில்கள். சித்தியின் சேலைச் சுருளும் வெளியே வந்தது.

மீண்டும் ஜீப்பை ஓட்டினோம். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது! ஜாக்கிக் கம்பிதான் சீட்டுக்கு அடியில் உருண்டு கொண்டு இருந்தது.

"திருடன் பிடிபட்டான்!" என்று தம்பி கை தட்டினான்.

"ஒரு திருடன்தான் பிடிபட்டான். இன்னொருவன் உள்ளே இருக்கிறான்" என்றார், மேஸ்திரி.

அவர் ஜீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தரையில் உள்ளங்கையை வைத்துக் கொண்டார். சித்தப்பா மெதுவாகக் குழிகளில் ஏற்றி இறக்கினார். ஒவ்வொரு குழியிலும் கையை நகர்த்தி வைத்துப் பார்த்தார், மேஸ்திரி. கடைசியில் அவர் கை பின்பக்கத்து இடது சக்கரத்துக்கு மேலே வந்து நின்றது.

"ணங்... ணங்... தொப்!"

சமமான தரையில் ஜீப்பை நிறுத்தினார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஜீப்பின் அடியில் நீளமான இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்து இருப்பார்கள். குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அதுதான். அந்தப் பட்டையையும் சக்கரத்தின் அச்சையும் சேர்த்துப் பிடித்து இருப்பவை யூ போல்ட்டுகள். குதிரை லாடம் போல வளைந்து இருக்கும்.

அந்த இடத்தில், ஒரு நட்டைச் சுற்றிலும் செம்மண் போல துருத்தூள் படிந்து இருந்தது. இரும்போடு இரும்பு உராய்ந்து உதிர்ந்த தூள் அது.

மேஸ்திரி சிறிய சுத்தியலால் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். "ணங்!" "ணங்!" "ணங்!" என்று மூன்று ஒலித்தன. நாலாவது, "தொப்!" என்றது.

அது தளர்ந்து போய் இருந்தது.

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? நல்ல பானை கணீர் என்று ஒலிக்கும். விரிசல் பானை ஒலிக்காது. இதுவும் அப்படித்தான்.

ரெயில் சொன்ன பாடம்

ரெயில் நிலையங்களிலும் ஒரு காலத்தில் நீளமான சுத்தியலோடு தொழிலாளர்கள் நடந்து போவார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இரும்பு அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 1842-ம் ஆண்டிலேயே பார்த்தது. அந்த ஆண்டு மே 8-ந் தேதி, பிரான்சு நாட்டில் வெர்சேல்சில் இருந்து பாரீசுக்கு ஒரு ரெயில் போய்க் கொண்டு இருந்தது. எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் மோதித் தீப்பிடித்தன. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல காலம் ஓடிய இரும்பும் களைத்துப் போகும் என்பதை ஆராய அந்த விபத்து தூண்டுகோல் ஆயிற்று.

மலையில் நடந்து இருந்தால்?

"யூ போல்ட் தளர்ந்தால் பாரம் எல்லாம் நடுவில் உள்ள ஒரு சின்ன போல்ட்டின் மேல் விழும். அது அறுந்தால் அச்சு நகர்ந்துவிடும். இறக்கத்தில் பிரேக் போடும்போது சக்கரம் விலகினால்..." என்றார், மேஸ்திரி.

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சித்தி, குழந்தையை இழுத்து மடியில் வைத்துக் கொண்டார்.

ஜீப் அங்கேயே நின்றது. நாங்கள் பஸ்சில் வெள்ளிமலைக்குப் போனோம்.

மறுநாள் புதிய யூ போல்ட்டுகளும் புதிய நடு போல்ட்டும் போட்டார்கள். "சில நாள் ஓடிய பிறகு மறுபடியும் கொண்டு வாருங்கள். இன்னொரு தடவை முறுக்க வேண்டும்" என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார்.

உங்கள் வண்டியில் சத்தமா?

வாசகர்களே! உங்கள் பழைய காரில், வேனில் சத்தம் கேட்கிறதா? இப்படிச் செய்யுங்கள்:

1. சத்தம் எப்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நிற்கும்போதா, ஓடும்போதா? குழியிலா, வளைவிலா? பிரேக் போட்டாலா?

2. உள்ளே இருக்கும் சாமான்களை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

3. பக்கத்தில் இருப்பவரை செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பட்டறைக்குப் போனதும் சத்தம் நின்றுவிட்டாலும், மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டலாம்.

4. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்! சூடான சைலன்சரைத் தொடாதீர்கள்.

5. சத்தத்தோடு ஸ்டீரிங்கும் ஆடினால், மெதுவாக ஓரம் கட்டி நிறுத்துங்கள். சக்கரத்து நட்டுகள் தளர்ந்து இருக்கக்கூடும். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

சித்தப்பாவின் ஜீப் இப்போதும் மலை ஏறுகிறது. திரும்பி வரும்போது, இறக்கம் தொடங்கும் இடத்தில் சித்தப்பா ரேடியோவை நிறுத்திவிடுவார். அணை கண்ணில் படும் வரை, ஜீப்பில் யாரும் பேசக் கூடாது!

சித்தியின் சேலைச் சுருள்? அது இப்போது ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்கிறது.