மறைந்த வினைமுதலும் மறையாத வினையடையும்

இந்திய ரயில் நிலையங்களில் வண்டி தாமதமாகும்போது ஒலிபெருக்கியில் வரும் ஆங்கில அறிவிப்பு, ‘தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்று முடிவது வழக்கம். வருந்துகிறவர் யார் என்பதை இந்த வாக்கியம் எங்கும் சொல்வதில்லை. ஆனால், யாரென்று தெரியாத அவருடைய வருத்தம் ஆழமானது என்பதை மட்டும் ‘டீப்லி’ என்னும் சொல் தவறாமல் தெரிவித்துவிடுகிறது. ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினையும் வினையடையும் சேரும் இடத்தில் நிகழ்வதெல்லாம் ஏறத்தாழ இதன் விரிவே.

செயலைச் செய்பவர், அதாவது வினைமுதல், எழுவாயாக நிற்பது செய்வினை. செயலுக்கு உள்ளாகும் பொருள் எழுவாயின் இடத்துக்கு வந்துவிடுவது செயப்பாட்டு வினை. ‘இஸ்’, ‘வாஸ்’, ‘பீன்’ போன்ற துணைவினை ஒன்றோடு முதன்மை வினையின் மூன்றாம் வடிவம் சேர்வதே ஆங்கிலச் செயப்பாட்டின் வழக்கமான உருவம். வினையடை என்பது ஒரு செயல் எப்படி, எப்போது, எந்த அளவில் நடந்தது என்பதைச் சொல்வது. ஆங்கிலத்தில் அதற்கு ‘லி’ என்னும் ஈறு பெரும்பாலும் அடையாளமாக அமைகிறது. ‘ராமா கில்டு ராவணா’ என்பதை ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா’ என்று மாற்றும் பள்ளிப் பயிற்சிகளில் ராமன் எப்போதும் ‘பை’ என்னும் சொல்லுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறான் என்பதால், செயப்பாட்டு என்றாலே அப்படித்தான் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. நடைமுறை ஆங்கிலத்தின் செயப்பாட்டு வாக்கியங்களில் மிகப் பலவற்றில் ‘பை’ என்ற பகுதியே கிடையாது. செய்தவரைச் சொல்லாமல் விடும் வசதிக்காகத்தான் அந்த அமைப்பே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

சொல்லாமல் விடப்பட்டவர் வாக்கியத்திலிருந்து முற்றிலும் நீங்கிவிடுகிறாரா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கப்பல் மூழ்கியது என்பதற்கு ‘தி ஷிப் சாங்க்’ என்றும், மூழ்கடிக்கப்பட்டது என்பதற்கு ‘தி ஷிப் வாஸ் சங்க்’ என்றும் ஆங்கிலத்தில் சொல்லலாம். இரண்டிலும் ஆள் இல்லை. ஆனால், ‘வேண்டுமென்றே’ என்று பொருள்படும் ‘டெலிபரேட்லி’யை இரண்டாம் வாக்கியத்தில் சேர்த்தால் அது இயல்பாகப் பொருந்துகிறது, முதல் வாக்கியத்தில் சேர்த்தாலோ, கப்பல் தானாகவே திட்டமிட்டுக் கடலுக்குள் இறங்கியதுபோன்ற வேடிக்கைப் பொருள் வந்துவிடுகிறது. செயப்பாட்டு வினைக்குள் ஒரு வினைமுதல் மறைந்து நிற்கிறது என்பதும், அதன் மனநிலையை வினையடை பற்றிக்கொள்ள முடிகிறது என்பதும் இதனால் விளங்கும்.

வினைமுதலும் எழுவாயும் மனிதர்களாகவே இருக்கும்போதுதான் சிக்கல் சுவையாகிறது. மருத்துவர் ஒருவர் மனமில்லாமல் நோயாளியைப் பரிசோதித்தார் என்பதைச் செய்வினையில் ‘தி டாக்டர் ரிலக்டண்ட்லி எக்ஸாமின்டு தி பேஷண்ட்’ என்று சொன்னால் தயக்கம் மருத்துவருடையது என்பதில் ஐயமில்லை. அதையே ‘தி பேஷண்ட் வாஸ் ரிலக்டண்ட்லி எக்ஸாமின்டு பை தி டாக்டர்’ என்று திருப்பினால், தயங்கியவர் மருத்துவரா, அல்லது வேறு வழியின்றி உடன்பட்ட நோயாளியா என்பது இருபொருள்பட நிற்கிறது. வினையடையை ‘வாஸ்’ என்பதற்கு முன்னால் நகர்த்தினால் பொருள் நோயாளியின் பக்கம் சாய்கிறது, வாக்கிய இறுதிக்குக் கொண்டுபோனால் மருத்துவரின் பக்கம் சாய்கிறது. மாறாக, ‘கவனமாக’ எனப் பொருள்படும் ‘கேர்ஃபுல்லி’யை அதே நடு இடத்தில் வைத்தால் கவனம் பரிசோதித்தவருடையதாகவே கொள்ளப்படுகிறது. அமெரிக்க மொழியியலாளர் ரே ஜாக்கெண்டாஃப் 1972இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வினையடைகளின் நடத்தையை விரிவாக ஆராய்ந்த பிறகு, செய்வினையும் செயப்பாட்டும் ஒரே பொருளின் இரண்டு உடைகள் என்னும் பழைய பள்ளிக்கூடக் கருத்தை அப்படியே ஏற்பது கடினமாகிவிட்டது.

இடத்தைப் பற்றிய பொது வழக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘ஆல்ரெடி’, ‘ஆல்வேஸ்’ போன்ற காலச் சொற்கள் முதல் துணைவினையை ஒட்டியும், செயலின் தன்மையைச் சொல்பவை மூன்றாம் வடிவத்துக்குச் சற்று முன்னும் வருவதே மிகுதி. ‘தி ரோட் ஹாஸ் ஆல்ரெடி பீன் ஹேஸ்டிலி ரிப்பேர்டு’ என்பதில் இரண்டும் தத்தம் இடத்தில் அமைந்திருப்பதைக் காணலாம். ‘வெல்’ என்னும் சொல் இதில் தனிப் போக்குடையது: செய்வினையில் அது வினைக்கு முன்னால் வர மறுத்து வாக்கிய இறுதிக்கே போகிறது, செயப்பாட்டிலோ ‘தி லெட்டர் வாஸ் வெல் ரிட்டன்’ என்று வினைக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. மூன்றாம் வடிவம் பாதி வினையாகவும் பாதி பெயரடையாகவும் இயங்குவதே இதற்குக் காரணம் எனலாம்.

செயப்பாட்டு உருவமே இல்லாமல் செயப்பாட்டுப் பொருளை மட்டும் தரும் வாக்கியங்களும் ஆங்கிலத்தில் உண்டு. ‘திஸ் புக் ரீட்ஸ் ஈசிலி’ என்றால் புத்தகம் எதையும் படிப்பதில்லை; அது எளிதாகப் படிக்கப்படக்கூடியது என்பதே பொருள். இங்கே ‘ஈசிலி’யை நீக்கிவிட்டால் வாக்கியம் பெரும்பாலும் நிலைகுலைந்துவிடுகிறது. வினையடையை விருப்பப்படி சேர்க்கவோ நீக்கவோ கூடிய அலங்காரமாக எண்ணுபவர்களுக்கு இந்த அமைப்பு தக்க மறுப்பாக நிற்கிறது.

வினையடையையோ செயப்பாட்டையோ குறை சொன்னவர்கள் சிறியவர்களும் அல்லர். செய்வினை கிடைக்கும் இடத்தில் செயப்பாட்டைத் தவிர்க்குமாறு ஜார்ஜ் ஆர்வெல் 1946ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் அறிவுறுத்தினார். 2000இல் வெளிவந்த தம் எழுத்துக்கலை நூலில் ஸ்டீபன் கிங் செயப்பாடு, வினையடை இரண்டையுமே சாடினார். வினையடைகளை நரகப் பாதையோடு இணைத்து கிங் எழுதிய புகழ்பெற்ற வாக்கியம் செயப்பாட்டு உருவிலேயே அமைந்தது என்பது தனிக் கதை. இந்த அறிவுரைகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குற்றம் அமைப்பில் இருப்பதைவிட, எந்த வினையடை அதனோடு சேர்க்கப்படுகிறது என்பதில்தான் கூடுதலாக இருக்கிறது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் தவறுகள் செய்யப்பட்டன என்று அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் 1987 ஜனவரியில் நாடாளுமன்ற உரையில் சொன்னபோது, செய்தவர் யார் என்பது வாக்கியத்துக்கு வெளியே நின்றது. அதே வாக்கியத்தில் ‘தெரிந்தே’ எனப் பொருள்படும் ‘நோயிங்லி’யைச் சேர்த்தால், தெரிந்திருந்தவர் யார் என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பும் அறிக்கைகள் அத்தகைய சொற்களை ஒதுக்கிவிட்டு, பேசுபவரின் மனவருத்தத்தை மட்டும் காட்டும் ‘ரிக்ரெட்டபிலி’ போன்றவற்றை நாடுவது தற்செயலன்று.

வினைமுதலின் இடத்தையே எடுத்துக்கொள்ளும் வினையடைகளும் உள்ளன. ‘அஃபிஷியலி அனௌன்ஸ்டு’ என்றால் அறிவித்தது அரசோ அதிகாரமுள்ள அமைப்போ என்பது ‘பை’ இல்லாமலே விளங்குகிறது. குற்றச் செய்திகளில் வரும் ‘அலெஜெட்லி’ இதற்கு நேர்மாறானது: ‘தி மணி வாஸ் அலெஜெட்லி ஸ்டோலன்’ என்பதில் திருடியவர் மட்டுமன்றி, திருட்டு நடந்ததாகச் சொல்பவரும் சேர்ந்தே மறைந்துவிடுகிறார். இருப்பினும் செய்தி ஆசிரியர்கள் அந்தச் சொல்லை வெட்டத் துணிவதில்லை; அது இல்லாவிட்டால், இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு புகார் நடந்து முடிந்த உண்மையாக அச்சேறிவிடும்.