ஓடும் எண்ணும் நிற்கும் எண்ணும்

1995 நவம்பரில் ஜிசிசி கம்பைலரின் 2.7.2 பதிப்பு வெளிவந்தது. அடுத்த 2.8.0 வர 1998 ஜனவரி ஆயிற்று. இடையில் வந்தவை பிழைதிருத்தங்கள் மட்டுமே. அவற்றில் கடைசி, 2.7.2.3. லினக்ஸ் கர்னல் எழுதியவர்கள் நெடுநாள் அதையே நம்பினார்கள். புதியது வந்த பிறகும் அதை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை.

இன்று ஆண்டுக்கொரு பெரிய எண். 2005இல் வந்த 4.0, 4.9 ஆக ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2015 ஏப்ரலில் 5.1 வந்தது, 2025 ஏப்ரலில் 15.1. வேலை திடீரென்று வேகம் பிடித்துவிடவில்லை. முன்பு இரண்டாவது இடத்தில் ஏறிய எண் இப்போது முதலிடத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான்.

முதல் எண் மாறுவது அன்று ஒரு நிகழ்வு. 1987இல் 1.0, 1992இல் 2.0, 2001இல் 3.0. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு பிளவும் நடந்தது. வளர்ச்சி மெதுவாக இருக்கிறதென்று சிலர் 1997இல் தனியே பிரிந்து போனார்கள். 1999இல் அவர்களுடைய கிளையே அதிகாரபூர்வ ஜிசிசி ஆகி 2.95 வந்தது. மறு ஆண்டு ரெட் ஹாட் நிறுவனம், முடிவுறாத மூலநிரலை எடுத்து 2.96 என்று பெயரிட்டுத் தன் லினக்ஸ் 7இல் சேர்த்தது. அப்படியொரு வெளியீட்டைத் தாங்கள் செய்யவில்லை என்று ஜிசிசியின் வழிகாட்டும் குழு அறிக்கை விட நேர்ந்தது.

இப்போது அந்தக் குழப்பத்துக்கு எண்ணிலேயே தடை உண்டு. உருவாகிக்கொண்டிருந்தபோது 15.0, வெளியிட்ட பிறகே 15.1. கடைசி மாதங்களில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. முன்பு சரியாக ஓடி இப்போது கெட்டுப்போனவற்றைச் சரிசெய்வதே வேலை. அவற்றில் முதல் முன்னுரிமைப் பிழை ஒன்று மிஞ்சினாலும் வெளியீடு காத்திருக்கும்.

இந்த முறையால் இழந்தது எண்ணின் கனம். முன்பே அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் எச்சரிக்கையோடு விட்டுவந்த சி கம்பைலர், 2024இல் வந்த 14 முதல் அதைப் பிழை என்று நிறுத்துகிறது. பல்லாண்டுகளாகக் கம்பைல் ஆகிவந்த நிரல்கள் அதில் தடுக்கி நின்றன. ஆனால் 13க்குப் பின் 14 என்பதைப் பார்த்து யாருக்கும் நெஞ்சு படபடத்திருக்காது. மாற்றக் குறிப்பை வாசித்தவருக்கே தெரியும்.

பெற்றது என்ன என்பதை அறிய, யாரும் பார்க்காத இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும். சி++ நிரல்கள் ஓடுவதற்குத் தேவையான லைப்ரரிக் கோப்பின் பெயரில் ஒரு எண் இருக்கும். 3.0இல் அது 3. 2002 மே மாதம் வந்த 3.1இல் 4. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 3.2இல் 5. ஒவ்வொரு முறையும் முன்பு கம்பைல் செய்தவற்றைத் திரும்பக் கம்பைல் செய்தாக வேண்டும். 2004இல் 3.4 வந்தபோது அந்த எண் 6 ஆயிற்று.

அதன்பின் மாறவே இல்லை. 2015இல் ஸ்டிரிங்கின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டி வந்தபோதுகூட, பழையதையும் புதியதையும் அதே கோப்புக்குள் அருகருகே வைத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் அதுதான். ஜிசிசி 14 இருக்கும் கணினியில் அந்தக் கோப்பைத் தேடினால் 6.0.33 என்று முழு எண் தெரியும். அந்த 33, இருபது ஆண்டுகளில் சேர்ந்தவற்றின் கணக்கு. முன்னால் அதே 6.