வீடு விற்க புரோக்கர்: கமிஷன் கொடுத்தும் நஷ்டம் ஏன்? அரிமளத்து வீட்டை விற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஒரு பார்ட்டி இருக்கு சார், ரெடி கேஷ். ஆனா இன்னைக்கே முடிவு சொல்லணும்." ஊரில் வீடு விற்க முயன்ற பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். அடுத்த வாரம் அந்தப் பார்ட்டி காணாமல் போயிருக்கும். புரோக்கரும் போனை எடுக்க மாட்டார். ஒரு மாதம் கழித்து வேறொரு பார்ட்டியோடு வருவார். இந்த முறை விலை இரண்டு லட்சம் குறைந்திருக்கும்.

வீடு ஊரில், வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ சிங்கப்பூரிலோ என்று இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டத்தில் இருக்கும் அரிமளத்தை எடுத்துக்கொள்ளலாம். நகரத்தார் ஊர்களில் ஒன்று. பெரிய வீடுகள், பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில் வாரிசுகள். நேரில் வந்து விலை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் எல்லாமே புரோக்கர் சொல்வதை வைத்துத்தான் நடக்கிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

புரோக்கர் ஏன் விலையைக் குறைக்கச் சொல்கிறார்?

எல்லா புரோக்கரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால், உங்கள் கணக்கும் அவர் கணக்கும் ஒன்றல்ல.

ஒரு வீட்டுக்கு 40 லட்சம் ரூபாய் விலை, கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கருக்கு 80,000 ரூபாய். அதே வீடு 38 லட்சத்துக்குப் போனால் உங்களுக்கு 2 லட்சம் நஷ்டம். புரோக்கருக்குக் குறைவது வெறும் 4,000 ரூபாய். அந்த 4,000 ரூபாய்க்காக அவர் இன்னும் மூன்று மாதம் அலைவாரா? "கொடுத்துடுங்க, இதுக்கு மேல வராது" என்று சொல்வதுதான் அவருக்கு லாபம்.

இது நம்மூர் கதை மட்டுமல்ல. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் சிகாகோ பகுதியில் நடந்த சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாட்கள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். விலையும் சுமார் 3.7 சதவீதம் அதிகமாக வாங்கினார்கள். வாடிக்கையாளரின் வீடு என்றால் மட்டும் அந்தப் பொறுமை இல்லை.

'நெட் விலை' என்றால் உஷார்

"உங்களுக்குக் கையில எவ்வளவு வரணும்? அதை மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்." கேட்க நல்லாத்தான் இருக்கும். இதைத்தான் 'நெட் விலை' என்பார்கள். நீங்கள் 35 லட்சம் என்கிறீர்கள். வாங்குபவரிடம் 42 லட்சம் சொல்லப்படுகிறது. இடையில் இருக்கும் 7 லட்சம் யாருக்கு? வாங்குபவரும் விற்பவரும் பத்திரப் பதிவு அன்றுதான் முதல்முறையாகச் சந்திப்பார்கள். சில சமயம் அன்றும் பேசிக்கொள்ள விட மாட்டார்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உங்களுக்காக வீட்டை விற்றுத்தரப் பேசுபவர் உங்கள் முகவர். உங்களுக்குத் தெரியாமல் அவர் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நீங்கள் கேட்கலாம் என்கிறது 216-வது பிரிவு. 215-வது பிரிவில் வரும் உதாரணமே சொத்து விற்பனைதான்: ஒருவர் தன் சொத்தை விற்கச் சொல்ல, முகவர் அதை இன்னொருவர் பெயரில் தானே வாங்கிவிடுகிறார். முக்கியமான விவரத்தை நேர்மையின்றி மறைத்தார் என்றோ, விற்பனையால் தனக்கு நஷ்டம் என்றோ நிரூபித்தால், உரிமையாளர் அதை ஏற்க மறுக்கலாம்.

150 வருடங்களுக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்கு இந்த டெக்னிக் தெரிந்திருக்கிறது! ஆனால், நீங்களே வாய்வார்த்தையாக "35 கொடுத்தா போதும், மேல வர்றது உங்களுக்கு" என்று ஒப்புக்கொண்டுவிட்டால் வாதாடுவது கஷ்டம். அதனால் நெட் விலை பேசாமல், முழு விலை, அதில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று பேசுவதே பாதுகாப்பு.

செட்டிநாட்டு வீடு என்றால் இன்னொரு கணக்கு

"கட்டடம் பழசு. இடிக்கத்தான் வேணும். மனைக்கு மட்டும்தான் விலை." அரிமளம் மாதிரி ஊர்களில் அடிக்கடி வரும் வாதம் இது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், இடித்த வீட்டின் பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, கல்தூண் எல்லாவற்றுக்கும் தனிச் சந்தை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளே சாட்சி. இதே செட்டிநாட்டு ஊர்களைத்தான் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், வீட்டை விற்கும்போது கதவு, ஜன்னல், பூட்டு, சாவி உட்பட நிரந்தரமாகப் பொருத்தியவை எல்லாம் வாங்குபவருக்கே போகும். மனை விலைக்கு விற்றால் தேக்கும் சேர்ந்தே போகிறது. அதனால் விலை பேசும் முன் மரம், கல் வேலைகளுக்குத் தனியாக ஒரு மதிப்பு கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெட்டி, பாத்திரம், படங்கள் போன்ற பொருத்தப்படாத சாமான்கள் இதில் சேராது. அவற்றை முன்கூட்டியே பட்டியல் போட்டு எடுத்துவிட வேண்டும்.

ரெரா இருக்கிறதே, அதில் புகார் செய்ய முடியாதா?

பலரும் நினைப்பது இதுதான். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஏஜென்ட்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால், அந்தக் கட்டாயம் பதிவு செய்யப்பட்ட ரியல் எஸ்டேட் திட்டங்களில் உள்ள மனை, ஃபிளாட் விற்பவர்களுக்குத்தான். தாத்தா கட்டிய வீட்டை விற்றுத்தரும் ஊர் புரோக்கர் அதற்குள் வர மாட்டார்.

அதாவது, புது ஃபிளாட் வாங்குபவருக்குத் தனி ஆணையம் இருக்கிறது. பழைய வீட்டை விற்பவருக்கு ஒப்பந்தச் சட்டமும் நீதிமன்றமும்தான். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அங்கேயும் கை ஓங்காது.

வீட்டையே முடக்கும் 'சின்ன' அக்ரிமெண்ட்

அட்வான்ஸ் வாங்கும் நாளில்தான் பெரிய தப்பு நடக்கிறது. "ஒரு லட்சம் அட்வான்ஸ், ஒரு வருஷம் டைம்" என்று முத்திரைத்தாளில் அக்ரிமெண்ட் வரும். அதில் "தங்கள் பெயரிலோ தாங்கள் காட்டும் நபர் பெயரிலோ கிரயம் செய்து தருவதாக" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால், அட்வான்ஸ் கொடுத்தவர் வீட்டை வாங்கவே தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் அதிக விலைக்கு வேறு ஆளைப் பிடித்தால் போதும். ஆள் கிடைக்காவிட்டால், டைமை நீட்டிக்கச் சொல்வார். அதுவரை நீங்கள் வேறு யாருக்கும் விற்க முடியாது.

"இது ரிஜிஸ்டர் பண்ணாதது, செல்லாது, சும்மா கையெழுத்து போடுங்க" என்று சொன்னால் நம்பக்கூடாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை அக்ரிமெண்ட்டைப் பதிவு செய்வது கட்டாயம். இருந்தாலும், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஒன்றைத் தெளிவுபடுத்தியது: பதிவு செய்யாத அக்ரிமெண்ட்டையும், கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம். அந்த வழக்கைப் போட மூன்று வருடம் அவகாசமும் உண்டு. ஆக, சும்மா போட்ட கையெழுத்து மூன்று வருடத்துக்குக் கழுத்தில் தொங்கலாம்.

பவர் பத்திரமும் இப்படித்தான். "நீங்க அலைய வேண்டாம், என் பேர்ல பவர் கொடுத்துடுங்க" என்பது வெளியூர்க்காரர்களைக் குறிவைக்கும் வாக்கியம். பவர் வெறும் அதிகாரம்தான், விற்பனை ஆகாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், அந்த அதிகாரத்தை வைத்து உங்கள் பெயரில் அவர் கையெழுத்திடும் கிரயப் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தும். பவர் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சொந்தத்தில் ஒருவருக்குக் கொடுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள்.

தாமதத்துக்கு எல்லாம் புரோக்கர்தான் காரணமா?

இல்லை. பல நேரம் வந்த பார்ட்டி திரும்பிப் போவதற்குக் காரணம் நம் வீட்டுப் பத்திரம்தான்.

முதலில் பங்காளிகள். அண்ணன் தம்பி கையெழுத்து போட்டால் போதும் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு என்பதை 2005 சட்டத் திருத்தம் சொன்னது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு அத்தை கையெழுத்து போடவில்லை என்றால், விவரம் தெரிந்த எந்த வாங்குபவரும் வங்கியும் பின்வாங்குவார்கள். அத்தைகளிடம் முதலில் பேசிவிட்டுப் பிறகு புரோக்கரைத் தேடுவதுதான் சரியான வரிசை.

அடுத்து, பட்டா. வீடு நத்தத்தில் இருந்தால் நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று மாதக்கணக்கில் ஆகலாம். வில்லங்கச் சான்றையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். இதற்குப் புரோக்கரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ரொக்கம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என வாங்குபவருக்கு 9 சதவீதச் செலவு. அதைக் குறைக்க, "கைடுலைன் விலைக்குப் பத்திரம், மீதி கேஷ்" என்று யோசனை வரும். லாபம் வாங்குபவருக்கு, ரிஸ்க் உங்களுக்கு. வீடு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாக விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வரிப் பிடித்தம் வேறு மாதிரி. உள்நாட்டில் இருப்பவருக்கு, 50 லட்சம் ரூபாயிலிருந்துதான் 1 சதவீதப் பிடித்தம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த வரம்பு கிடையாது, பிடித்தமும் அதிகம். இதை அக்ரிமெண்ட்டுக்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிட வேண்டும்.

சிங்கப்பூரில் என்ன செய்கிறார்கள்?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் 2010-ல் இதற்கென்றே ஒரு கவுன்சில் உருவாக்கப்பட்டது. ஏஜென்ட்கள் எல்லோருக்கும் பதிவு எண் உண்டு. பொதுமக்கள் இணையத்தில் சரிபார்க்கலாம். ஒரே ஏஜென்ட் ஒரே பரிவர்த்தனையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேலை செய்யத் தடை. வீடு விற்பனைப் பணத்தை ஏஜென்ட் கையால் தொடவே கூடாது.

நம்மூரில் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது வழக்கமாகவே இருக்கிறது. அதைத் தடுக்கும் விதி இங்கே இல்லாததால், அந்த விதிகளை நாமே ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.

அந்த ஒரு தாளில் என்ன இருக்க வேண்டும்?

முதல் பார்ட்டி வீட்டைப் பார்க்க வருவதற்கு முன்பே, புரோக்கரும் நீங்களும் கையெழுத்திட வேண்டியது:

* கமிஷன் எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மேல், ஜி.எஸ்.டி. உண்டா என்பது. வாங்குபவரிடமும் கமிஷன் வாங்கினால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.
* கமிஷன் எப்போது என்பது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகே கூலி என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 219-வது பிரிவு. "பத்திரப் பதிவு அன்று" என்று எழுதிவிடுங்கள். அக்ரிமெண்ட் அன்றே பாதி கேட்டால், விற்பனை முறிந்தால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள்.
* எத்தனை மாதம் என்பது. மூன்று மாதம் என்று வைத்தால், அதற்குப் பிறகு வேறு ஆளிடம் போகலாம். அதற்குள் நீங்களே பார்ட்டியைப் பிடித்தால் கமிஷன் உண்டா இல்லையா என்பதும் இருக்கட்டும்.
* எல்லா விலைப் பேச்சும் உங்கள் முன்னிலையில் அல்லது வீடியோ காலில் நடக்க வேண்டும் என்பது.
* புரோக்கரோ அவர் உறவினரோ கூட்டாளியோ வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது.
* அட்வான்ஸ் உட்பட எந்தப் பணமும் வாங்குபவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும் என்பது.

"அதெல்லாம் நம்ம ஊர்ல பழக்கமில்லைங்க, நம்பிக்கைதான்" என்று பதில் வரலாம். நேர்மையான புரோக்கருக்கும் இந்தத் தாள் உதவும். வேலையை முடித்துக் கொடுத்தபின், "நாங்களே பார்ட்டியைப் பிடிச்சோம்" என்று கமிஷனை மறுக்கும் உரிமையாளர்களால் அவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். கையெழுத்து போட மறுப்பவரைவிட, போடுகிற ஒருவரைத் தேட இன்னும் இரண்டு வாரம் ஆகலாம். நாற்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு இரண்டு வாரம் அதிகமில்லை.