கிழிக்காமல் விட்ட காகிதம்

ஒருவரைப் பற்றி அவதூறாக எழுதியவர் மட்டுமல்ல, அந்த எழுத்தைப் பிறர் கண்ணில் படும்படி வைத்திருப்பவரும் சட்டத்தின் பார்வையில் ‘வெளியிட்டவர்’ ஆகிவிடலாம். சங்கம், மன்றம், கிளப் என்று நாலு பேர் கூடும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். 1894-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு வழக்கில், சாலையோரம் அவதூறு எழுதிய தட்டி ஒன்று இருந்தது. எழுதியது யார் என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் ஒருவர் நாள் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பைப் புகைத்தபடி, போவோர் வருவோருக்கெல்லாம் தட்டியை விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். அவதூறை அவர் வெளியிட்டார் என்பதற்கு அதுவே போதிய சான்று என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

விரல் நீட்டியவரின் கதை எளிது. சும்மா இருந்தவரின் கதைதான் சிக்கலானது. அது 1937-இல் வந்த ‘பைர்ன் எதிர் டீன்’ வழக்கு. இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபோர்டு என்ற ஊரில் ஒரு கோல்ஃப் கிளப். உறுப்பினர்கள் காசு போட்டு ஆடும் சூதாட்ட எந்திரங்கள் அங்கே சட்டத்துக்குப் புறம்பாக இருந்தன. யாரோ போலீசுக்குச் சொல்லிவிட, எந்திரங்களை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு கிளப் சுவரில் தட்டச்சு செய்த காகிதம் ஒன்று முளைத்தது. போன எந்திரங்களை நினைத்து ஏங்கும் நையாண்டிப் பாட்டு. கடைசியில் காட்டிக்கொடுத்தவனுக்கு ஒரு சாபம். சாபச் சொல்லில் பைர்ன் என்ற உறுப்பினரின் பெயர் தொனிக்கும்படி எழுத்தைத் திரித்திருந்தார்கள்.

பைர்ன் வழக்குப் போட்டது கிளப்பை நடத்திய டீன் தம்பதி மேல். திருமதி டீன் கிளப்பின் செயலாளரும்கூட. செயலாளரின் அனுமதி இல்லாமல் எதையும் ஒட்டக்கூடாது என்பது கிளப்பின் விதி. அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். கிழித்துப் போட ஒரு நொடி போதும். கிழிக்கவில்லை, காகிதம் சில நாள் சுவரிலேயே இருந்தது. அகற்றும் அதிகாரம் கையில் இருந்தும், எளிதில் அகற்றக்கூடியதை அறிந்தே விட்டுவைத்தவர், அது தொடர்ந்து அங்கே இருப்பதற்குத் தானும் பொறுப்பேற்றுக்கொண்டவர்தான் என்று நீதிபதிகள் கருதினார்கள். அகற்றுவதே பெரும்பாடு, பெருஞ்செலவு என்றால் கதை வேறு. அதாவது மூன்று கேள்விகள்: தெரியுமா, அகற்றும் அதிகாரம் உண்டா, அகற்றுவது எளிதா?

இவ்வளவு சொன்ன பிறகும் வழக்கில் பைர்ன் தோற்றார். குற்றம் நடப்பதைப் போலீசுக்குச் சொன்னார் என்று ஒருவரைப் பற்றி எழுதினால், நேர்மையான மனிதர்கள் நடுவில் அவர் மதிப்பு குறையாது. ஆகவே அது அவதூறே அல்ல என்று தீர்ப்பானது. கிளப் நண்பர்கள் நடுவில் அவர் மதிப்பு என்னவாகியிருக்கும் என்பது நீதிமன்றத்தின் கவலை அல்ல.

கணினி வந்த பிறகு அமெரிக்காவில் இந்தக் கணக்கு விசித்திரமாகத் திரும்பியது. 1991-இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம், தன் சேவையில் பிறர் எழுதியதைத் தான் படித்துப் பார்ப்பதே இல்லை என்று சொல்லித் தப்பியது. புத்தகக் கடைக்காரர் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்துவிட்டா விற்கிறார் என்ற தர்க்கம். 1995-இல் பிராடிஜி நிறுவனம் மாட்டிக்கொண்டது. அது கெட்ட வார்த்தைகளை வடிகட்டியது, விதிகள் வகுத்தது, கண்காணிக்க ஆட்களையும் வைத்தது. ‘இவ்வளவு செய்கிறாயே, அப்படியானால் நீ பத்திரிகை ஆசிரியர் மாதிரிதான்’ என்று நியூயார்க் நீதிமன்றம் அதன் தலையில் பொறுப்பைக் கட்டியது. வாசலைப் பெருக்காதவனுக்கு விடுதலை, பெருக்கியவனுக்கு அபராதம் என்ற நிலை. இதைச் சரிசெய்யத்தான் 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 230-ஆம் பிரிவைக் கொண்டுவந்தது: பிறர் எழுதியதற்கு இடம் கொடுத்தவரை வெளியீட்டாளராகக் கருதக்கூடாது, நல்லெண்ணத்தில் எதையாவது நீக்கினால் அதற்காகவும் தண்டிக்கக்கூடாது. பிராடிஜி மேல் வழக்குப் போட்ட ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட், தன்னை மோசடி நிறுவனம் என்று யாரோ எழுதியதாகக் கொதித்த பங்குத் தரகு நிறுவனம். அது உண்மையிலேயே மோசடி நிறுவனம்தான் என்பது பிற்பாடு ஊருக்கே தெரிந்தது. ‘தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ படம் அதன் கதை.

ஆஸ்திரேலியா நேர் எதிர்த் திசையில் போனது. தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்கு, அவை அங்கே இருப்பது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பத்திரிகை நிறுவனங்களே வெளியீட்டாளர்கள் என்று 2021-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத இடம் திறந்துவிட்டதே போதுமாம்.

இந்தியா நடுவில் நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, பிறர் எழுதியதைத் தாங்கி நிற்கும் இடைநிலையாளருக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் சட்டவிரோதமான ஒன்று இருப்பது தெரிந்தபின் நீக்காவிட்டால் பாதுகாப்பு போய்விடும். இங்கே ‘தெரிந்தபின்’ என்பதற்கு நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ கிடைத்தபின் என்றுதான் பொருள் என்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2021-இல் வந்த விதிகள், தாமாக முன்வந்து நீக்குவதால் இந்தப் பாதுகாப்பு கெடாது என்றும் சொல்லிவிட்டன. பிராடிஜிக்கு நேர்ந்த கதி இங்கே நேராமலிருக்க இது போதும்.

ஆனால் நம் ஊரில் மன்றங்களின் பேச்சு நடப்பதெல்லாம் வாட்ஸப்பில். அங்கே குரூப் அட்மினின் நிலை என்ன? 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பத்திரிகையில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவரைப் பிடிப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லி ஓர் அட்மினை விடுவித்தது. 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் தவிர அட்மினுக்கு வேறு அதிகாரம் இல்லை, கூட்டுச் சதி இருந்தாலொழிய அவர் குற்றவாளி அல்ல என்றது. அதே ஆண்டு டிசம்பரில் கரூர் வழக்கறிஞர்களின் குழு ஒன்று பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. பிரச்சினைக்குரிய செய்தியைப் போட்டவரை அட்மின் நீக்கிவிட்டு இரண்டு நாளில் மறுபடி சேர்த்துக்கொண்டார், அது உடந்தை என்பது அரசுத் தரப்பின் வாதம். வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாக, அட்மின் உறுப்பினர்களின் முதலாளியும் அல்ல, சட்டம் சொல்லும் இடைநிலையாளரும் அல்ல என்றது.

அட்மின்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அதே 2022-இல் வாட்ஸப் ஒரு சின்ன மாற்றம் செய்தது: பிறர் போட்ட செய்தியை அட்மினே எல்லாருக்கும் அழிக்கலாம். நாக்பூர் தீர்ப்பின் அடித்தளமே ‘அட்மினுக்கு அந்த அதிகாரம் இல்லை’ என்பதுதான். இப்போது அதிகாரம் வந்துவிட்டது. அழிப்பது காகிதம் கிழிப்பதைவிட எளிது. சீஃபோர்டு கிளப் சுவர் அட்மினின் கைக்குள் வந்துவிட்டது என்று ஒரு வழக்கறிஞர் நாளை வாதிட்டால், பழைய தீர்ப்புகளை மட்டும் காட்டி எளிதில் தப்ப முடியாது. கேரளத் தீர்ப்பின்படி அட்மின் இடைநிலையாளர் அல்ல என்றால், நீதிமன்ற உத்தரவு வரும்வரை காத்திருக்கலாம் என்ற 79-ஆம் பிரிவின் வசதியும் அவருக்கு உறுதியில்லை.

ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் குழுவை எண்ணிப் பார்க்கலாம். இரவு பத்தே முக்காலுக்கு ஒரு செய்தி: “மோட்டார் ரிப்பேர்னு எழுதின நாப்பதாயிரத்துல பாதி பொருளாளர் பாக்கெட்டுல.” கீழே மூன்று சிரிப்பு முகங்கள், ஒரு கட்டைவிரல். கட்டைவிரல் செயலாளருடையது. 2024-இல் ரயில்வே பாதுகாப்புப் படை வீரர் ஒருவரின் பணிநீக்க வழக்கில், கொலை பற்றிய செய்திக்குக் கட்டைவிரல் குறி போட்டது அந்தக் கொலையைக் கொண்டாடியதாகாது, ‘பார்த்துவிட்டேன்’ என்றுகூடப் பொருள்படலாம் என்று மதுரைக் கிளை சொன்னது. அந்த வீரருக்கு அது வேலையைக் காப்பாற்றியது. செயலாளருக்கோ அதுவே வினை: ‘பார்த்துவிட்டேன்’ என்பதுதானே சீஃபோர்டு கிளப் வழக்கின் முதல் கேள்வி.

இந்தச் செய்தியை அழிக்க வேண்டியதுதான். ஆனால் மறுநாள் காலை இன்னொருவர் “மோட்டார் ரிப்பேர் பில்லைக் குழுவில் போடுங்கள்” என்று எழுதினால் அதையும் சேர்த்து அழிப்பது பெரும்பிழை. முதலாவது, திருடினார் என்ற குற்றச்சாட்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை உண்டு. இரண்டாவது, உறுப்பினரின் உரிமை. கணக்குக் கேட்பவர் வாயை அடைக்க ‘அவதூறு’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் நிர்வாகிகள் நம்மிடையே குறைவில்லை; அப்படி அடைத்த வாய்கள் பொதுக்குழுவில் இரு மடங்கு சத்தத்தோடு திறக்கும்.

கண்காணிப்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் மன்றங்களுக்கு வழிகள் சிலவே. அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிட்டால் வம்பு குறையும். குழுவும் பழைய அறிவிப்புப் பலகையாகிவிடும். எதையும் தொடாமல் விட்டால், நிர்வாகத்துக்குப் பிடித்தவர் எழுதியதைத்தான் விட்டார்கள் என்ற பேச்சு வரும். பெரும்பாலான சங்கங்களுக்குப் பொருந்துவது நடுவழி: எழுத விடுவது, புகார் வந்தால் அன்றே பார்ப்பது, முடிவை ஒருவரிடம் விடாமல் இரண்டு மூன்று பேரிடம் விடுவது. இன்னது எழுதக்கூடாது, மீறினால் இன்னது நடக்கும் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டுக் குழுவின் விவரப் பகுதியில் இட்டுவிட்டால், நீக்கப்பட்டவர் பாரபட்சம் என்று சொல்ல இடம் குறையும். குழுவிலிருந்து நீக்குவது வேறு, சங்கத்திலிருந்தே நீக்குவது வேறு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பின்னதற்குத் துணைவிதிப்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும்.

வழக்கு என்று வந்துவிட்டால் யார் மேல் வரும் என்பது சங்கத்தின் உருவத்தைப் பொறுத்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவானது தன் பெயரிலேயே சட்டத்தின் முன் நிற்கும். பதிவில்லாத நற்பணி மன்றத்துக்கோ நண்பர்கள் குழுவுக்கோ அப்படித் தனி உருவம் கிடையாது. நோட்டீஸ் நிர்வாகிகளின் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அழிக்கும் முன் தேதி, நேரம், அனுப்பிய எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது நல்லது. யார் எழுதினார், எப்போது நீக்கினோம் என்பதற்கு அதுவே சாட்சி. ஒன்றுக்கு மட்டும் இது ஆகாது: குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படமோ காணொளியோ. அதை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் குற்றமாகலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே ஸ்கிரீன்ஷாட்டும் கூடாது, செயற்குழுவுக்குப் பார்க்க அனுப்புவதும் கூடாது. உடனே அழித்துவிட்டு, அனுப்பியவரின் எண்ணோடு காவல்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.