தைல மரத்தின் சிக்கனம்

வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மரத்தடிகளை நாள்தோறும் கண்டுவரும் தூத்துக்குடி அன்பர் ஒருவர், இத்தனை பருமனையும் மரம் மண்ணிலிருந்துதானே எடுத்திருக்க வேண்டும், அங்ஙனமாயின் புதுக்கோட்டைச் சீமையில் தைல மரம் நிற்கும் நிலமெல்லாம் காலக்கிரமத்தில் சாரமற்றுப் போகாதா என்று கவலையோடு எழுதியிருக்கிறார்.

1843-இல் நீலகிரிக்கு வந்த இந்த ஆஸ்திரேலியக் குலத்தை, 1974-இல் தோன்றிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் காகிதக் கூழுக்காகச் சமவெளியிலும் விரிவாக வளர்த்துவருகிறது. அது குடிக்கும் நீரைப் பற்றிய வழக்கு வேறு. சத்தின் கணக்கு வேறு. உலர்ந்த அடிமரம் 100 கிலோவில் ஏறக்குறைய 50 கிலோ கரி. அது முழுவதும் காற்று அளித்தது. மிச்சத்தில் பெரும்பாகம் பிராணவாயுவும் ஜலவாயுவும். எரித்தபின் சாம்பலாக நிற்கும் உப்புகளே மண்ணின் பங்கு. அவை பெரும்பாலும் 1 கிலோவை எட்டுவதில்லை.

என்னை நெடுநாளாக வியப்பில் ஆழ்த்துவது, மணிச்சத்து அரிதான பூமியில் பிறந்த இம்மரம் பழகிக்கொண்ட சிக்கனம். இலை பழுத்து உதிருமுன் அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் சுமார் பாதியைத் தளிர்களுக்கு மீட்டுக்கொள்கிறது. அடிமரத்தின் உள்ளே வெளிறு வைரமாக மாறும்போதும் அவ்விடத்து மணிச்சத்தை வெளியே இழுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்தை மட்டும் அதனால் மீட்க இயலாது. என் இளமையில் வாடகை வீடு மாறும்போதெல்லாம் அம்மா அண்டா முதல் அஞ்சறைப் பெட்டி வரை வண்டியேற்றிவிடுவாள். சுவரில் பூசிய சுண்ணாம்பு அங்கேயே நிற்கும். நம் கடலின் முத்துச்சிப்பி ஓடாகக் கட்டிக்கொள்ளும் அதே சத்து, மரப்பட்டையில் நுண்ணிய படிகங்களாக உறைந்துவிடுகிறது.

ஆதலால் தடியைக் கொண்டுபோவதில் அதிக நஷ்டமில்லை. பட்டையையும் கொப்பையும் விறகென்று வாரிச்செல்வதும், சருகைக் கூட்டித் தீயிடுவதுமே எனக்குப் பொறுக்கவொண்ணாத அநியாயமாகப் படுகிறது; மரம் அத்தனை சிரத்தையோடு சேமித்ததை நாம் ஒரு பிற்பகலில் அழித்துவிடுகிறோம். வெட்டிய இடத்திலேயே பட்டையை உரித்துப் பரப்பிவிட்டால், அது மெல்ல மக்கி, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புக்கே உணவாகும். எல்லாவற்றையும் வண்டியேற்றிய தோட்டத்திலோ, அந்தச் சுண்ணாம்பை உடையவர் விலைகொடுத்து வாங்கி இட வேண்டிவரும்.