38 எப்படி 32 ஆனது

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு செல்லுக்குள் முழுதாக எரிந்தால் எத்தனை ஏடிபி கிடைக்கும்? 1980-களில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 38 என்பார்கள். கல்லீரல், இதயம் என்றால் 38, மூளை, எலும்புத் தசை என்றால் 36 என்று பிரித்துச் சொல்கிறவர் வகுப்பில் முதல் வரிசைக்காரர். இன்றைய முதலாமாண்டு மாணவி 32 என்று எழுதுகிறாள். அவள் எழுதுவதுதான் சரி. இடையில் அந்த 6 ஏடிபி எங்கே போயிற்று என்று விளங்கினால், இந்தப் பாடத்தைக் கணக்குப் போட்டுப் படிப்பது அன்று எப்படி இருந்தது, இன்று என்ன ஆகியிருக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கிளைகாலிசிஸில் செலவு போக 2 ஏடிபி, 2 என்ஏடிஎச். பைருவேட் அசிட்டைல் கோஏ ஆகும்போது இன்னும் 2 என்ஏடிஎச். கிரெப்ஸ் சுழற்சியில் 6 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2, ஏடிபிக்குச் சமமான ஜிடிபி 2. கூட்டினால் என்ஏடிஎச் 10, எஃப்ஏடிஎச்2 2, நேரடியாக வந்தது 4. இதுவரை அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த வரியில்தான் பிரிகிறது. அன்று ஒரு என்ஏடிஎச்சுக்கு 3, ஒரு எஃப்ஏடிஎச்2வுக்கு 2 என்று பெருக்கினோம்: 30, 4, 4, ஆக 38. இன்று 2.5, 1.5 என்று பெருக்குகிறோம்: 25, 3, 4, ஆக 32.

முழு எண் ஏன் பின்னமாயிற்று? எலெக்ட்ரான்கள் இறங்கி வரும் வழியில் மூன்று இடங்களில் இடத்துக்கு ஒன்றாக ஏடிபி உருவாகிறது என்ற எண்ணம்தான் பழைய 3-க்குப் பின்னால் இருந்தது. பீட்டர் மிட்செல் 1961-இல் வேறு வழி சொன்னார். இறங்கும் எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைத் தாண்டிப் புரோட்டான்களை வெளியே தள்ளுகின்றன; அவை திரும்பி உள்ளே பாயும்போதுதான் ஏடிபி உருவாகிறது. நெடுநாள் எதிர்ப்பைச் சந்தித்த அந்தக் கருத்துக்கு 1978-இல் நோபல் பரிசு வந்தது. புரோட்டானை எண்ணத் தொடங்கியதும் விடை முழு எண்ணாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. ஒரு என்ஏடிஎச் 10 புரோட்டான்களைத் தள்ளுகிறது. ஓர் ஏடிபியைச் செய்து வெளியே அனுப்ப 4 புரோட்டான் செலவாகிறது. பத்தை நான்கால் வகுத்தால் 2.5. எஃப்ஏடிஎச்2 தள்ளுவது 6 என்பதால் 1.5. இதுவும் கடைசி எண் அல்ல. பசுவின் ஏடிபி சிந்தேஸில் சுழலும் வளையத்தில் 8 துணையலகுகள்தாம் என்று 2010-இல் தெரியவந்த பிறகு, செலவு நான்குக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிடுகிறார்கள்.

38-ஐ உருப்போட்டு வைத்திருந்தவர் இன்று அதை மறந்துவிட்டு 32-ஐ உருப்போட வேண்டும். வரி வரியாகப் போட்டுப் பழகியவர் இரண்டு பெருக்கெண்களை மாற்றினால் போதும். பால்மிட்டிக் அமிலத்துக்கு அன்று 129 என்றால் இன்று 106 என்பதை யாரும் சொல்லாமல் அவரே கண்டுகொள்வார்: 8 அசிட்டைல் கோஏ, தலைக்குப் பத்து, 80, ஏழு சுற்றில் 7 எஃப்ஏடிஎச்2, 7 என்ஏடிஎச், சேர்ந்து 28, தொடக்கச் செலவு 2 போக 106. பாடப்புத்தகத்தில் எண் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு துறையில், மாணவரிடம் தங்குவது இந்த நடுவரிகள்தாம் என்பது இத்தனை காலம் வகுப்பெடுத்ததில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம்.

அன்று கல்லூரியில் கணக்குப் போடச் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. கிளைகாலிசிஸை விவரி, நொதிகளின் வகைகளைப் பற்றிக் கட்டுரை எழுது என்றுதான் தேர்வுத்தாள் இருக்கும். சீனியர்களிடம் நோட்ஸ் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துப் படிப்போம். கணக்கு என்ற ஒன்று இந்தப் பாடத்தில் உண்டு என்று காட்டியவை வெளிநாட்டு ஆசிரியர்களின் புத்தகங்கள். ஆல்பர்ட் லெனிஞ்சர் 1970-இலும் லூபர்ட் ஸ்ட்ரையர் 1975-இலும் கொண்டுவந்த பாடநூல்கள் நூலகத்தில் இருக்கும். சுவாசத்தோடு இணைந்த ஏடிபி உற்பத்தி மைட்டோகாண்ட்ரியாவில்தான் நடக்கிறது என்று யூஜின் கென்னடியோடு சேர்ந்து 1940-களின் இறுதியில் காட்டியவரே லெனிஞ்சர். அவர் கேட்கும் கேள்விகளில் சோதனைக்கூடத்தில் நின்றவரின் கை தெரியும். இர்வின் சீகல் எழுதிய ‘பயோகெமிக்கல் கால்குலேஷன்ஸ்’ முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தகம். பெரும்பாலான கல்லூரிகளில் இவையெல்லாம் ரெஃபரன்ஸ் பகுதியில் இருக்கும். வீட்டுக்குத் தர மாட்டார்கள். லாங் சைஸ் நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு விடுதிக்குப் போக வேண்டும். புத்தகத்தின் பின்பக்கத்தில் உள்ள விடையைப் பார்க்க அடுத்த நாள் நூலகம் திறக்க வேண்டும்.

அந்த ஓர் இரவு செய்த வேலை பெரிது. ஒரு கணக்கைச் சொல்கிறேன். ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம். அதன் கரைதிறன் எண் 0.03, பிகேஏ 6.1. பிஎச் என்ன? ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு தெரிந்தால் மூன்று வரி. 40-ஐ 0.03-ஆல் பெருக்க 1.2. 24-ஐ 1.2-ஆல் வகுக்க 20. இருபதின் லாக் 1.3. ஆக 6.1 + 1.3 = 7.4. இரண்டின் லாக் 0.3010, மூன்றின் லாக் 0.4771 என்பவை எங்கள் தலைமுறைக்கு நாக்கு நுனியில் இருக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டுவோம். விடை 7.4 என்று வந்ததும் ஒருவர் நின்று யோசிப்பார்: பிகேஏ 6.1 உள்ள ஒரு தாங்கல் கரைசல், தனக்கு இவ்வளவு தள்ளி இருக்கும் 7.4-இல் எப்படி உடம்பைக் காக்கிறது? பாடப்புத்தகத்தின்படி, பிகேஏவுக்கு மேலும் கீழும் ஓர் அலகுக்குள்தான் தாங்கல் திறன் நன்றாக இருக்கும். நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது, சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சரிசெய்கிறது, அதாவது இது மூடிய குடுவை அல்ல என்று பிடிபட விடியற்காலை ஆகலாம். ஆனால் பிடிபட்டது பிறகு விட்டுப்போகாது.

நொதி வினைவேகக் கணக்குகளுக்குக் கிராஃப் தாள் வேண்டும். மைக்கேலிசும் மாட் மென்டனும் 1913-இல் தந்த சமன்பாடு வளைகோடு. வளைகோட்டிலிருந்து கேஎம் மதிப்பைக் கண்ணால் எடுப்பது கடினம். 1934-இல் லைன்வீவரும் பர்க்கும் இரு பக்கமும் தலைகீழி எடுத்து அதை நேர்கோடாக்கினார்கள். விமேக்ஸ் 100, கேஎம் 5 மில்லிமோலார் உள்ள ஒரு நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். வினைப்பொருளின் செறிவு 1, 2, 5, 10, 20 என்றால் வேகம் 16.7, 28.6, 50, 66.7, 80. செறிவின் தலைகீழிகள் 1, 0.5, 0.2, 0.1, 0.05. கிராஃபில் குறித்துப் பாருங்கள்: ஐந்து புள்ளிகளில் மூன்று இடது ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும், ஒன்று மட்டும் வலது கோடியில் தனியே நிற்கும். அந்தக் கோடிப் புள்ளிதான் மிகக் குறைந்த செறிவில், மிகக் குறைந்த வேகத்தில், பிழைக்கு அதிக இடம் கொடுத்து அளக்கப்பட்டது. 16.7-ஐ 14 என்று அளந்துவிட்டால் கோடு முழுவதும் சாய்ந்துவிடும். ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தவருக்கு இந்தச் சாய்வு கையிலேயே தெரியும். எந்தப் புள்ளியை நம்புவது, எதைத் திரும்ப அளப்பது என்ற கேள்வி அங்கே தானாக எழும்.

இன்று யாரும் அந்தக் கோட்டை நம்பிக் கேஎம் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. கணினி வளைகோட்டுக்கே நேரடியாகப் பொருத்தி ஒரு நொடியில் மதிப்பையும் பிழை எல்லையையும் தருகிறது. அறிவியலுக்கு இது மறுக்க முடியாத முன்னேற்றம். ஆனால் மில்லிமோலாரில் வர வேண்டிய விடை மைக்ரோமோலாரில் வந்து நின்றால், ஆயிரம் மடங்கு தவறு என்று உறுத்தாமல் அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிற மாணவர்களைப் பார்க்கிறேன். அதனால் முதல் இரண்டு வாரம் கிராஃப் தாளில்தான் போட வேண்டும் என்று என் வகுப்பில் வைத்திருக்கிறேன். அதன் பிறகு கணினி.

இன்றைய காலம் கொடுத்திருப்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. புரதக் கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் எந்த உயிர்வேதியியல் பாடநூலிலும் உண்டு. அது உருவான ஊரிலேயே படித்த எங்களுக்கு, அது மூன்று கருந்திட்டுகள் உள்ள ஒரு படம். பார்த்து வரைந்து மதிப்பெண் வாங்குவோம், அவ்வளவுதான். புரதக் கட்டமைப்புகளின் பொதுக் களஞ்சியமான புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-இல் தொடங்கியபோது அதில் இருந்தவை 7 கட்டமைப்புகள். இப்போது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டன, அத்தனையும் இலவசம். பேருந்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி லைசோசைமைக் கைப்பேசியில் இறக்கிச் சுழற்றிப் பார்க்கலாம். எந்த அமினோ அமிலம் தடைப்பட்ட பகுதியில் விழுகிறது, அது ஏன் பெரும்பாலும் கிளைசீனாகவே இருக்கிறது என்று அவளே தேடலாம். பக்கச்சங்கிலி என்று ஒரு ஹைட்ரஜன் மட்டும் இருப்பதால் கிளைசீனுக்கு முட்டிக்கொள்ள ஆளில்லை என்று அவள் சொல்லும்போது, எங்களுக்கு வாய்க்காத ஒரு படிப்பு அவளுக்கு வாய்த்திருப்பது தெரிகிறது. நூலகமே சரியாக இல்லாத ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு என்பிடெல் வகுப்புகளும் எம்ஐடியின் திறந்த பாடங்களும் அவற்றின் கணக்குத் தாள்களும் கிடைக்கின்றன. கேட் தேர்வின் உயிர்வேதியியல் பகுதியில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, தெரிவே தராமல் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேள்விகளும் வருகின்றன. கட்டுரைத் தேர்வு எழுதிப் பட்டம் வாங்கிய எங்களைவிட இவர்கள் கணக்குப் போட வேண்டிய தேவை அதிகம்.

சிக்கல் எங்கே என்றால், விடை மிக அருகில் வந்துவிட்டது. கேள்வியைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பினால் செயற்கை நுண்ணறிவு படிப்படியாகப் போட்டே காட்டுகிறது. மாணவர்கள் சோம்பேறிகள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அவர்கள் மணிக்கணக்கில் படிக்கிறார்கள், போட்டு வைத்த கணக்குகளைப் பார்த்துப் பார்த்துப் படிக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் வந்து, “சார், பார்த்தா புரியுது, போட்டா வரல” என்கிறார்கள். இந்த ஒரே வாக்கியத்தை வெவ்வேறு குரல்களில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அது உண்மைதான் என்று ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்களின் 2006 ஆய்வு காட்டுகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்ததில் அவர்களைத் தாண்டிவிட்டார்கள்.

பூட்டிய நூலகம் எங்களுக்குக் கட்டாயமாகக் கொடுத்த இடைவெளியை இன்றைய மாணவர் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது எங்களிடம் கேட்கப்படாத ஒரு கட்டுப்பாடு. வகுப்பில் நான் செய்வது எளிது: பெப்டைடு புதிர்களை வெறும் தாளோடு கொடுக்கிறேன். ஆறு அமினோ அமிலங்கள்: அலனின், கிளைசீன், லைசின், மெத்தியோனின், ஃபினைல் அலனின், செரின். எட்மன் முறையில் முதலில் வருவது கிளைசீன். லைசினுக்குப் பின் வெட்டும் டிரிப்சின் இரண்டும் நான்குமாகப் பிரிக்கிறது. மெத்தியோனினுக்குப் பின் வெட்டும் சயனோஜன் புரோமைடு நான்கும் இரண்டுமாக. கைமோடிரிப்சின் செரினைத் தனியே உதிர்க்கிறது. வரிசை என்ன? ஃபிரெடரிக் சாங்கர் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து இன்சுலினின் 51 அமினோ அமிலங்களை இப்படித்தான் கோத்தார். ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பு 1955-இல் முடிந்தது. இன்று மரபணுவைப் படித்தால் புரத வரிசை தானே வந்துவிடுகிறது, ஆய்வகத்தில் இந்தப் புதிருக்குத் தேவை அருகிவிட்டது. இருந்தும் கொடுக்கிறேன். முதல் துண்டில் கிளைசீனும் லைசினும் என்று எழுதிவிட்டு, அடுத்தது அலனினா ஃபினைல் அலனினா என்று பேனாவை நிறுத்தி ஒரு பிள்ளை யோசிக்கும் அந்த அரை நிமிடத்துக்காக.

கைப்பேசியையும் ஒதுக்கி வைக்கச் சொல்வதில்லை. விடையைக் கேட்காதே, நான் போட்டதில் முதல் தவறான வரி எது என்று மட்டும் கேள் என்று சொல்லித் தருகிறேன். அப்படிக் கேட்டால் அது நல்ல துணை. ஏடிபி கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். பழைய கைடுகளும் இணையதளங்களும் இன்னும் 38 என்றே வைத்திருக்கின்றன, ஒரே பக்கத்தில் இரண்டு முறையும் கலந்து கிடப்பதும் உண்டு.

இந்தப் பருவத்தில் கொடுத்த ஒரு கேள்வி இது. சுவாசித்துக்கொண்டிருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி சிந்தேஸை அடைக்கும் ஆலிகோமைசினைச் சேர்க்கிறோம். ஆக்சிஜன் செலவு குறைகிறது. பிறகு டைநைட்ரோஃபீனாலைச் சேர்க்கிறோம்; ஆக்சிஜன் செலவு மறுபடி ஏறுகிறது. ஏடிபி ஏறுமா? பாதிப் பேர் ஏறும் என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், புரோட்டான் சவ்வு வழியாகவே ஒழுகி உள்ளே வந்துவிடுகிறது, சிந்தேஸ் பக்கமே போகவில்லை, பிறகு ஏடிபி எப்படி வரும் என்றார். அப்படியானால் அந்த ஆற்றல் எங்கே போயிற்று என்று நான் கேட்பதற்குள் முன்வரிசை மாணவி, “சூடாத்தான் போயிருக்கணும் சார்” என்றாள். 1930-களில் அமெரிக்காவில் இதே டைநைட்ரோஃபீனாலை உடல் மெலிய மாத்திரையாக விற்றார்கள், உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சிலர் இறந்துபோனார்கள், 1938-இல் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அந்த நாட்டு அரசு அறிவித்தது என்று சொன்னேன். மணி அடித்தது. அவள் நோட்டை மூடாமல், டைநைட்ரோஃபீனால் இருந்தால் ஒரு குளுக்கோசுக்கு 32-இல் எத்தனை மிஞ்சும் என்று கேட்டு, நேரடியாக வரும் 4 மட்டும் என்று தானே எழுதிக்கொண்டாள்.