வெட்டினால்தான் துளிர்க்கும்!

திரிங்காப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் வேலை செய்யும் அன்பர்களே, தாய்மார்களே, உங்களிடம் ஒரு கேள்வி. கொழுந்து வெட்டும் கத்தரியோ, வீட்டில் காய் அரியும் கத்தியோ விரலில் பட்டுவிடுகிறது. துணியால் அழுத்திப் பிடிக்கிறீர்கள். சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. ஒரு வாரத்தில் தோலும் மூடிக்கொள்கிறது. இதைச் செய்தது யார்? உங்கள் உடம்புக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கத்தரிதான் என்றால் நம்புவீர்களா?

டெங்கிக் காய்ச்சல் வந்தால் ‘பிளேட்லெட் இறங்கிவிட்டது’ என்று டாக்டர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் இவற்றைத் தட்டணுக்கள் என்கிறோம். ஒரு சொட்டு இரத்தத்தில் சுமார் 1 கோடி தட்டணுக்கள் இருக்கும். சும்மா இருக்கும்போது சின்னஞ்சிறு தட்டுப்போல் மிதந்துகொண்டிருக்கும். இரத்தக் குழாய் அறுந்ததும், நொடிப் பொழுதில் கைகால் முளைத்த சிலந்தி மாதிரி ஆகி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓட்டையை அடைத்துவிடும்.

தட்டுக்குக் கால் முளைப்பது எப்படி? அதற்குள் நூல் இருக்கிறது. ‘அக்டின்’ என்னும் புரதமணிகள் ஒன்றோடொன்று கோத்து உண்டாகும் நூல் அது. அதன் தடிப்பு தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! ஒரு தட்டணுவுக்குள் மட்டும் சுமார் 20 லட்சம் அக்டின் மணிகள் உண்டு. கூடை தூக்கும் உங்கள் புஜத்தின் தசையிலும் இதே அக்டின்தான் வேலை செய்கிறது. 1942-ல் இதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தவர் ஹங்கேரி நாட்டின் ஸ்ட்ராப். அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் சென்ட்-கியோர்கி. மிளகாயிலிருந்து வைட்டமின் சி எடுத்தாரே, அவரேதான்.

இந்த நூல்கள்தான் தட்டணுவைத் தட்டு வடிவத்தில் இழுத்துக் கட்டி வைத்திருக்கின்றன. ஆகவே வடிவம் மாறவேண்டுமானால் முதலில் அவற்றை வெட்டியாக வேண்டும். காயம் பட்டதும் தட்டணுவுக்குள் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், சட்டென்று உயர்கிறது. அதுவரை சுருண்டு கிடந்த ‘ஜெல்சொலின்’ என்னும் புரதம் அப்போது விரிந்து, அக்டின் நூலைத் துண்டாடி, வெட்டிய நுனியில் மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. (அதற்காக ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் குடித்தால் காயம் சீக்கிரம் ஆறிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இது உயிரணு தனக்குள்ளேயே திறந்து மூடும் கணக்கு.)

அடுத்து நடப்பதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. கவ்வாத்து செய்த செடியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வெட்டிய கிளையில் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர் வருகிறது. அதேபோல, ஒரு நூல் பல துண்டாகும்போது பல நுனிகள் கிடைக்கின்றன. மூடி விலகியதும் ஒவ்வொரு நுனியிலும் புதிய மணிகள் கோத்துக்கொண்டு நூல் நீள்கிறது. நீளும் நூல் தோலை வெளியே தள்ளுகிறது. அதுதான் தட்டணுவுக்கு முளைத்த கால்!

ஜெல்சொலினை 1979-ல் அமெரிக்காவில் ஹெலன் யின், தாமஸ் ஸ்டாசல் என்னும் இருவர் முயலின் நுரையீரல் அணுக்களில் கண்டுபிடித்தார்கள். கூழாக உறைந்ததை இளக்கிவிடுவதால் அந்தப் பெயர்.

தோல் மூடுவதும் இதே வித்தைதான். காயத்தின் ஓரத்திலுள்ள அணுக்கள் ஊர்ந்து வந்து பள்ளத்தை நிரப்புகின்றன. முன்பக்கம் நூல் வளரும். பின்பக்கம் ‘கோஃபிலின்’ என்னும் வேறொரு வெட்டுக்காரர், பழசாகிப்போன நூலாகப் பார்த்து ஒடித்துப்போடுவார். உதிர்ந்த மணிகள் முன்பக்கத்துக்கே மறுபடி போய்ச் சேரும். கவ்வாத்துக் குச்சியைக் காட்டிலேயே போட்டு உரமாக்குவதில்லையா, அதைப்போல. வெட்டுக்காரர் இல்லாவிட்டால்? 1995-ல் ஜெல்சொலின் இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். எலிகள் உயிரோடிருந்தன. ஆனால் அடிபட்டால் இரத்தம் நிற்க நேரமானது. காயத்தை ஆற்ற வேண்டிய அணுக்களும் மெதுவாகவே நகர்ந்தன.

ஊர்ந்து வரும் அணுவுக்குச் சுத்தமான ஈரத்தரை வேண்டும். மூடி ஈரமாக வைத்த காயம், காயவிட்டதைவிட விரைவில் மூடுவதை 1962-லேயே லண்டனில் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் காட்டியிருக்கிறார். ஆகவே வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் அப்பும் பழக்கம் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி, அழுத்திப் பிடித்து, கட்டுப்போடுங்கள். ஆழமான காயம் என்றாலோ, மண் பட்டிருந்தாலோ, சர்க்கரை வியாதி உள்ளவர் என்றாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

ஜெல்சொலின் இரத்தத்தில் வெளிப்படையாகவும் ஓடுகிறது. லாரி விபத்து, பெரிய தீக்காயம் போன்றவற்றில் எண்ணற்ற அணுக்கள் உடைந்து அக்டின் இரத்தத்தில் கொட்டும். அது நூலாகக் கோத்துக்கொண்டால் நுண்ணிய குழாய்கள் அடைபடும். இரத்தத்திலுள்ள ஜெல்சொலின் அதை வெட்டிக் கழுவிவிடும். ஆனால் கழுவக் கழுவ அதுவும் தீர்ந்துபோகும். பலத்த அடிபட்டு வந்தவர்களில் ஜெல்சொலின் மிகக் குறைந்திருந்தவர்களே அதிகம் அவதிப்பட்டார்கள் என்று 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. குறைவதை ஊசி வழியாக ஈடுகட்டலாமா என்பதுதான் இப்போது கேள்வி. கொரோனா நிமோனியா கண்ட சிலருக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. நோயை மாற்றும் என்று சொல்ல அந்தச் சோதனை போதவில்லை.